நிற்கத் தெரிந்த வண்டி

திருக்கழுக்குன்றத்தில் சித்திரைத் தேர் ஓடும் நாளில் எல்லாருடைய கண்ணும் மேலே, சுவாமியின் மேல் இருக்கும். சின்ன வயதில் என் கண் மட்டும் கீழே, சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடி நடப்பவர்கள் மேல் இருக்கும். ஆப்பு போலச் செதுக்கிய கனத்த கட்டை அவர்கள் கையில். தேர் வேகமெடுக்கும்போதும் மாட வீதி முனையில் திரும்பும்போதும் அந்தக் கட்டையைச் சரியான நொடியில் சக்கரத்துக்கு முன்னே கொடுப்பார்கள். சக்கரம் கட்டையை மிதித்து, உரசி, முனகி, அடங்கும். வடம் பிடிக்க ஊரே வரும். முட்டுக்கட்டை போடச் சிலர்தான். அந்தச் சிலரை நம்பித்தான் ஊர் தேரை நகர்த்தியது.

இந்த ஆண்டு மாமல்லபுரம் போகும் வழியில் ஒரு பட்டறையில் என் காருக்காகக் காத்திருந்தபோது அந்தக் கட்டை நினைவுக்கு வந்தது. பக்கத்து லிஃப்ட்டில் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உயரத்தில் நின்றது. சக்கரங்களைக் கழற்றியிருந்ததால் முன்பக்க பிரேக் டிஸ்க் இரண்டும் வெளியே தெரிந்தன. ஓரத்தில் கையை வைத்தால் தடுக்கும் அளவுக்கு விளிம்பு எழும்பியிருந்தது. உரிமையாளர் இளைஞர். நூறு கிலோமீட்டர் வேகத்திலிருந்து பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது என்று வந்திருந்தார். அவருடைய போனில் மூன்று வகை டிஸ்க்கின் படங்கள் இருந்தன: ஓட்டை போட்டது, கோடு வெட்டியது, ஒன்றும் இல்லாத வெறும் தட்டு.

"அண்ணே, இதுல எது போடலாம்?"

மெக்கானிக்குக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். படங்களைப் பார்க்கவில்லை. "முதல்ல வண்டி எங்க ஓடுதுன்னு சொல்லுங்க தம்பி" என்றார்.

எங்கள் பக்கத்துச் சாலைகளில் வண்டி நிற்கக் கற்றுக்கொண்ட கதை முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

வண்டலூர் காலம்

இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பரில் உருவானது. ஆனால் இந்த மண்ணில் கார் செய்யும் வேலை அதற்கு ஏறக்குறைய எழுபது ஆண்டு முந்தியது. வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் இருந்தது. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் கூட்டுறவோடு நடந்த தொழிற்சாலை அது. 1961-இல் அங்கிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு வரத் தொடங்கியது. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த உருவம். முன்பக்க மூடி முழுவதையும் முன்னோக்கித் தூக்கினால் இன்ஜினும் முன்சக்கரங்களும் வெளியே தெரியும். அம்பாசடரும் ஃபியட்டும் குடும்ப வண்டிகளாக இருந்த காலத்தில், கொஞ்சம் வேகத்துக்கு ஆசைப்பட்டவர்கள் ஹெரால்டைத் தேடினார்கள். 948 சிசி இன்ஜின்தான். அன்றைக்கு அதுவே நமக்கு ஸ்போர்ட்ஸ் கார்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களிலும் ஹெரால்டு ஓடியது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அவற்றை நடத்தியது. நீண்ட ஓடுபாதையில் முழு வேகத்தில் வந்து, வளைவுக்கு முன் அந்த வேகத்தை விட வேண்டும். அங்கே ஜெயித்தவர்கள் வேகமாக ஓட்டத் தெரிந்தவர்கள் மட்டும் அல்லர். கடைசிச் சுற்று வரை பிரேக்கை மிச்சம் வைத்திருந்தவர்கள்.

மிச்சம் வைக்க வேண்டியிருந்ததன் காரணம் டிரம். நம் ஊர் ஹெரால்டின் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். வார்ப்பிரும்பு உருளைக்குள் இரண்டு ஷூ. பெடலை மிதித்தால் ஷூ விரிந்து உருளையின் உள்சுவரை உரசும். உரசினால் சூடு, சூடானால் உருளை விரியும். அதாவது ஷூவை விட்டு விலகிப் போகும். முதல் முறை பாதியில் நின்ற பெடல் ஐந்தாம் முறை தரையைத் தொடும். கருகிய லைனிங் வாசனை வரும். "பிரேக் போச்சு" என்பார்கள். கால் மணி நேரம் ஓரமாக நிறுத்தினால் பிரேக் திரும்பி வரும்.

மழைக்காலம் இன்னொரு சோதனை. செங்கல்பட்டுக் கொளவாய் ஏரி நிரம்பிச் சாலையில் தண்ணீர் ஏறினால் டிரம்முக்குள் புகுந்த நீர் அங்கேயே தங்கும். தண்ணீரைக் கடந்ததும் இடது காலால் பெடலை மெல்ல அழுத்தியபடி கொஞ்ச தூரம் ஓட்டி உலர்த்துவது அனுபவசாலி டிரைவர்களின் வழக்கம். மலையில் "ஏறின கியர்லயே இறங்கு" என்பது அன்றைய பாடம். பெடலைப் பம்ப் பண்ணத் தெரியாதவருக்கு லைசென்ஸ் இருந்தும் பயனில்லை. வண்டியிடம் இல்லாத நிறுத்தும் திறனை ஓட்டுகிறவரின் பொறுமை ஈடுகட்டியது.

எது வாங்குவது என்ற கேள்வியும் அன்று இல்லை. பழைய லைனிங்கின் ரிவெட்டை உடைத்து எடுத்துப் புதியதை அடித்துக் கொடுப்பார்கள். டிரம் பள்ளம் விழுந்தால் லேத்தில் கொடுத்துக் கடைவார்கள். அதுவும் தாங்காவிட்டால் சென்னை ஜி.பி. ரோட்டில் புதியது, புதுப்பேட்டையில் பழையது. கிடைத்ததுதான் பொருத்தம். லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்த காலம் அது. அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதிச் சுத்தம் செய்த மெக்கானிக்குகள் அது நுரையீரலுக்குள் போய் என்ன செய்யும் என்று அறியாமலே மூச்சிழுத்தார்கள். பழைய காலத்தைப் பாசத்தோடு பேசுகிற எவரும் இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

தட்டு வந்த வழி

டிஸ்க் பிரேக் யோசனை புதியதன்று. 1902-இலேயே இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். உலகம் நம்பியது 1953-இல். அந்த ஆண்டு பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பூட்டிய ஜாகுவார் முதலில் வந்தது. வேகமான வண்டி, நேரம் போகப் போகவும் அதே தூரத்தில் நின்றது. 1956-இல் டிரையம்ஃப் டிஆர்3 என்ற ஸ்போர்ட்ஸ் கார் முன்சக்கரங்களில் கர்லிங் டிஸ்க்கோடு விற்பனைக்கு வந்தது.

அந்த டிஆர்3-ஐச் செய்தது, நம் வண்டலூருக்கு ஹெரால்டைத் தந்த அதே கவென்ட்ரி நிறுவனம். அங்கே டிஸ்க் வந்து ஐந்து ஆண்டு கழித்து, இங்கே டிரம்மோடு ஹெரால்டு பிறந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடும் சிறிய சந்தையும் இருந்த நாட்டில் எது இங்கே செய்ய முடிந்ததோ அதுதான் வண்டியில் ஏறியது.

ஆனால் இங்கே செய்யும் கைகளும் அப்போதே தயாராகிக்கொண்டிருந்தன. 1962-இல் டிவிஎஸ் குழுமம் பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கியது. டிஆர்3-க்கு டிஸ்க் கொடுத்த கர்லிங்கின் தொழில்நுட்பம் சென்னைப் பாடிக்கு வந்தது. அம்பத்தூரில் ரானே பிரேக் லைனிங், பாடியில் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் என்று சென்னையின் வடமேற்கு மூலை நாட்டின் பிரேக் பட்டறையானது. பிற்பாடு சோளிங்கரில் பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்பாலையும் வந்தது.

வண்டலூர்த் தொழிற்சாலை 1980-களின் கடைசியில் ஓய்ந்தது. அந்த நிலத்தில் இன்று அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. ஆனால் ஜி.எஸ்.டி. சாலையில் இன்னும் தெற்கே இரும்பு மறுபடி உருண்டது. 1990-களில் மறைமலை நகரில் ஃபோர்டு வந்தது. அங்கே பிறந்த ஐகான் கார் நம் நடுத்தரக் குடும்பத்துக்கு வேகத்தின் ருசியைக் காட்டியது. அந்தத் தொழிற்சாலை 2022-இல் உற்பத்தியை நிறுத்தியபோது அந்தச் சாலையோரத்து டீக்கடைகள் வரை அதன் பாரம் தெரிந்தது. இடையே 2007 மார்ச்சில் செங்கல்பட்டை ஒட்டிய மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பிஎம்டபிள்யூ ஆலை தொடங்கியது. 2021-இல் எம்340ஐ என்ற வேகக் காரையும் அங்கேயே பூட்டத் தொடங்கினார்கள். ஹெரால்டு பிறந்த சாலையில் கொஞ்ச தூரம் தெற்கே போனால் இந்த வண்டி பிறக்கும் இடம். இரண்டுக்கும் நடுவே அறுபது ஆண்டு. இன்று சிறிய கார்கூட முன்னால் டிஸ்க்கோடுதான் வருகிறது.

டிஸ்க்கில் தட்டு வெளியே, காற்றில் சுழல்கிறது. இரண்டு பக்கமும் பேட் கவ்வுகிறது. சூட்டில் தட்டு தடித்தால் பேடை விட்டு விலகாது, பேடை நோக்கித்தான் வரும். தண்ணீர் பட்டால் சீக்கிரம் உதறிவிடும். ஆனாலும் சூடு எங்கேயும் போய்விடவில்லை. 1,700 கிலோ எடையுள்ள கார் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது அந்தத் தட்டுகள் வாங்கும் வெப்பம், இரண்டு லிட்டருக்குச் சற்று மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். வேகம் 200 ஆனால் இரண்டு மடங்கன்று, நான்கு மடங்கு. ஒன்பது லிட்டர், சில நொடிகளில். அதில் பெரும்பங்கை முன்சக்கரத் தட்டு இரண்டும் சுமக்கின்றன. ஸ்போர்ட்ஸ் காரின் டிஸ்க் சாப்பாட்டுத் தட்டை விடப் பெரிதாகவும், இரண்டு தகடுக்கு நடுவே காற்று போக வழிவிட்டும் இருப்பதன் காரணம் இதுதான்.

எந்தத் தட்டு?

அந்த இளைஞரின் போனில் இருந்த மூன்று படங்களுக்கும் தனித்தனி வரலாறு உண்டு. ஓட்டை போட்ட தட்டு, பழைய பேடுகள் சூட்டில் வாயுவைக் கக்கிய காலத்தில் அந்த வாயு வெளியேற வழி கொடுக்கப் பிறந்தது. இன்றைய பேடு அந்த அளவுக்கு வாயு விடுவதில்லை. மழையில் கொஞ்சம் உதவும், எடை கொஞ்சம் குறையும். ஆனால் மீண்டும் மீண்டும் கடுமையாகச் சூடேறினால் ஓட்டையின் விளிம்பிலிருந்து முடி போன்ற விரிசல் ஓடும். ஆலையே அந்தக் காருக்கென்று வடிவமைத்துக் கொடுத்த ஓட்டைத் தட்டு வேறு, வெறும் தட்டில் யாரோ துளைத்து விற்பது வேறு. இரண்டாவதை எந்த விலைக்கும் வாங்கக்கூடாது.

கோடு வெட்டிய தட்டு பேடின் முகத்தைச் சீவிச் சீவிப் புதிதாக வைக்கும். இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் வந்த பந்தயப் பாதையில் வார இறுதியில் ஓட்டுகிறவருக்கு அது ஏற்றது. தினமும் அலுவலகம் போகிறவருக்குப் பேடு சீக்கிரம் தேயும், சத்தமும் கொஞ்சம் வரும். கார்பன் செராமிக் தட்டு நான்காவது வகை. இரும்பை விட வெகுவாக இலேசு, துருப்பிடிக்காது, கடும் சூட்டிலும் எளிதில் தளராது. ஆனால் ஒரு செட்டின் விலைக்கு நம் ஊரில் ஒரு சிறிய காரையே வாங்கிவிடலாம். சக்கரம் மாட்டும்போது விளிம்பில் தட்டிவிட்டால் சில்லு பெயரும்.

வெறும் தட்டு, அதாவது நடுவே காற்றோட்டம் உள்ள சாதாரண வார்ப்பிரும்பு டிஸ்க், பார்க்க ஒன்றும் இல்லாதது போல் இருக்கும். ஆனால் பேடு உரசும் பரப்பு முழுமையாக இருப்பதும் சூட்டை வாங்கி வைக்கும் இரும்பு அதிகமாக இருப்பதும் அதில்தான். சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு, ஆலை சொன்ன அளவில், நல்ல வார்ப்பில் செய்த வெறும் தட்டுதான் பெரும்பாலும் சரியான விடை. சக்கரக் கம்பிகளுக்கு நடுவே ஓட்டைத் தட்டு அழகாகத் தெரியும் என்பது உண்மை. அந்த அழகுக்காக மட்டும் தேர்ந்தெடுக்கும் பொருள் இது அன்று.

வாங்குமுன் செய்ய வேண்டியது அளப்பது. பெரும்பாலும் டிஸ்க்கிலேயே அதன் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். புதிதில் 30 மில்லிமீட்டர் உள்ள தட்டுக்கு 28.4 என்பது போல. அந்த 1.6 மில்லிமீட்டர்தான் அதன் ஆயுள். அந்த எல்லையைத் தொட்ட தட்டை லேத்தில் கொடுத்துக் கடைந்து மறுபடி போடுவது டிரம் காலத்துப் பழக்கம். மெலிந்த தட்டு சூட்டை வைத்துக்கொள்ளாது. அந்தச் சூடு பேடுக்கும் பிரேக் ஆயிலுக்கும் போகும். வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பாக எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரே மாடலிலேயே இரண்டு மூன்று அளவு டிஸ்க் வருவதுண்டு. ஒரு அச்சின் இரு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும், பேடும் கூடவே புதிதாக. பில் இல்லாமல், பெட்டியில் அச்சு மங்கி, விலை பாதியாகக் கிடைத்தால் அது கிடைக்காமலே இருக்கட்டும்.

உப்புக் காற்று

"வண்டி எங்க ஓடுது" என்ற கேள்வியின் மறுபாதி கடல். முன்பு மாமல்லபுரம் என்றால் பலருக்கும் செங்கல்பட்டு வந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போவதுதான் வழி. வளைந்து போகும் சாலை, நெல் வயல், மாட்டு வண்டி. கிழக்குக் கடற்கரைச் சாலை அகன்ற பிறகு வழி மாறியது. முட்டுக்காட்டுக் கழிமுகத்தைத் தாண்டி ஞாயிறு அதிகாலையில் போனால் பெரிய இன்ஜின் ஓசைகள் அணிவகுத்துப் போகும். சாலையின் ஒரு பக்கம் குப்பம், மறு பக்கம் பேருந்து நிறுத்தம். நடுவே சைக்கிளும் மீன்கூடையும் மாடும் குறுக்கே வரும். இங்கே பிரேக் என்பது எப்போதாவது தேவைப்படும் பொருள் அன்று.

அந்தக் காற்றில் உப்பு இருக்கிறது. வார்ப்பிரும்புத் தட்டு ஓர் இரவு நின்றாலே செம்மண் பூசியது போல் ஆகும். இரண்டு முறை பிரேக் பிடித்தால் அது போய்விடும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் கடற்கரை வீட்டில் வாரக்கணக்கில் நிற்கும் காரில் பேடு ஒட்டிய இடத்தில் மட்டும் துரு வேறு விதமாக ஏறி, தட்டில் பேடின் முத்திரை விழும். பிறகு அதுவே நடுக்கமாகக் கைக்கு வரும். காற்றோட்ட இடுக்கில் துரு ஏறினால் சூடு வெளியேறும் வழி அடைபடும். அதனால் நடுப்பகுதியிலும் ஓரத்திலும் துருத் தடுப்புப் பூச்சு உள்ள டிஸ்க்கைக் கேட்டு வாங்குவது கடலோரத்துக்கு நல்லது. வண்டியை நிறுத்துமுன் கடைசிக் கிலோமீட்டரில் மெல்ல நாலைந்து முறை பிரேக் பிடித்து ஈரத்தைப் போக்குவதும் நல்ல வழக்கம். டிரம்மை உலர்த்திய பழைய டிரைவரின் அறிவு இங்கேயும் உதவுகிறது.

பிரேக் ஆயிலும் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரி வரையாவது கொதிக்கக்கூடாது என்பது தர விதி. ஈரம் ஏறிய பிறகு அது 155 ஆக இறங்கலாம். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் பெடலில் ஒன்றும் இருக்காது. புதிய டிஸ்க்குக்குப் பெரும் பணம் கொடுத்தவர் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலை மாற்றாவிட்டால் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

பூட்டுகிற கை

அந்த இளைஞரின் ஸ்டியரிங் நடுங்கியதன் காரணம் தட்டு வளைந்தது என்றே அவர் நினைத்திருந்தார். மெக்கானிக், தட்டு உட்காரும் ஹப்பின் முகத்தைக் காட்டினார். முன்பு டிஸ்க் மாற்றிய யாரோ துருவைத் தேய்க்காமல் அப்படியே பூட்டியிருந்தார்கள். ஹப்பில் ஒட்டிய மெல்லிய துரு, தட்டின் ஓரத்தில் பெரிய ஆட்டமாகப் பெருகும். ஒவ்வொரு சுற்றிலும் பேடு ஒரே இடத்தில் தட்டைத் தொட்டுத் தொட்டு, அங்கே மட்டும் தடிமன் மாறும். மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு மாறினாலே கைக்குத் தெரியும். நடுக்கத்தின் வேர் பெரும்பாலும் இதுதான்.

மெக்கானிக் ஹப்பைக் கம்பிப் பிரஷ்ஷால் பளபளக்கும் வரை தேய்த்தார். புதிய தட்டை வைத்து, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜின் முள்ளைப் பார்த்தார். திருப்தி வரவில்லை. தட்டைக் கழற்றி ஒரு போல்ட் துளை நகர்த்தி மறுபடி வைத்தார். சக்கர நட்டுகளை ஏர் கன்னால் முறுக்கி முடிக்காமல், டார்க் ரெஞ்சால் குறுக்கும் நெடுக்குமாக அளவோடு இறுக்கினார். வண்டலூர் ஹெரால்டில் அன்றையவர்கள் காதாலும் காலாலும் கற்றதை இவர் முள்ளாலும் எண்ணாலும் செய்கிறார். கருவி மாறியிருக்கிறது. பொறுமை அதேதான். அது இல்லாத கையில் உலகின் சிறந்த தட்டும் ஆறு மாதத்தில் நடுங்கும்.

பேடையும் தட்டையும் பழக்க வேண்டியதையும் சொல்லி அனுப்பினார். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், பின்னால் வண்டி வராதபோது, 80-லிருந்து 30 வரை நிதானமாகப் பத்து முறை வேகத்தைக் குறைக்க வேண்டும். முழுதாக நிறுத்தக்கூடாது. பிறகு பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆற வைக்க வேண்டும். சூடான தட்டை நிறுத்திய இடத்தில் பெடலால் அழுத்திப் பிடித்தால் பேடின் கறை அங்கேயே படியும்.

போனதும் வந்ததும்

அன்று தேர்வு இல்லை, கவனம் இருந்தது. இன்று தேர்வு குவிந்திருக்கிறது, கவனத்தைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது. டிரம் காலம் திரும்பி வர வேண்டாம். கருகும் லைனிங்கும் ஆஸ்பெஸ்டாஸ் தூசியும் யாருக்கும் வேண்டாம். ஆனால் முன்னே போகும் வண்டிக்குத் தள்ளியே வருவது, குப்பத்தருகே தானாகக் காலை எடுப்பது, இறக்கத்தில் கியரை நம்புவது ஆகியவை டிரம் கற்றுக்கொடுத்தவை. பெரிய தட்டு வந்ததால் இவை தேவையற்றுப் போகவில்லை. பிரேக் எவ்வளவு பெரிதானாலும் சாலையைப் பிடிப்பது டயர் மட்டும்தான்.

தேரும் மாறியிருக்கிறது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. அப்படியும் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தருகே இன்னும் நடக்கிறார்கள். தேரைத் திருப்புவதும் தணிப்பதும் அவர்கள் கைக்கணக்கு.

அந்த இளைஞர் வெறும் தட்டையே வாங்கினார். ஆலை சொன்ன அளவு, பூச்சு உள்ளது, இரு பக்கமும், பேடும் ஆயிலும் புதிதாக. பழக்கி முடித்த வண்டியில் மறுநாள் மாலை என்னையும் ஏற்றிக்கொண்டார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தருகே, தலையில் மீன்கூடையோடு ஓர் அம்மா சாலையைக் கடக்கத் தொடங்கினார். வண்டி நடுங்காமல், மூக்கு குத்தாமல், சத்தமில்லாமல் தணிந்து நின்றது. அவர் தம் நடையிலேயே கடந்து போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.